கடல் வந்த பிறகு நின்றுபோனது

நெதர்லாந்தில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை நண்பகலில் ஊர் முழுக்கச் சைரன் ஊதுவார்கள். ஆபத்து எதுவும் இல்லை. கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஊதுவது. இது தெரியாமல்தான் நான் இங்கு வந்த புதிதில் மரக்கறிக் கடையில் நின்றேன். சத்தம் எழுந்தபோது பக்கத்தில் நின்ற பெண் தக்காளியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் தலை நிமிரவில்லை. நான் பையைப் போட்டுவிட்டு ஓடினேன். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கடைசிப் படியில், மேலே போக வழியில்லாத இடத்தில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மேல்மாடியில் குடியிருக்கும் டச்சுப் பெண் கதவைத் திறந்து பார்த்தார். என் தோளைத் தட்டி, மெதுவாக, "இன்றைக்குத் திங்கட்கிழமைதானே" என்றார். கிழமைகளின் பெயர்களை மட்டும் அப்போது நான் படித்திருந்தேன். எங்கள் ஊருக்குள் கடல் வந்தது, அந்தச் சுனாமி நாள், ஞாயிற்றுக்கிழமை. அது இவருக்கு எப்படித் தெரியும், இன்று ஞாயிறு இல்லை என்று சொல்லியா தேற்றுகிறார் என்று குழம்பிப்போனேன்.

வேலை முடிந்து வந்த என் கணவர் ஜிப்ரி நடந்ததைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவர் எனக்கு முன்பே இங்கு வந்து, குடைமிளகாய் வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில் வேலை செய்து, பிறகு என்னையும் இங்கே எடுப்பித்தவர். நாங்கள் குடியிருக்கும் இந்த நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்பதை அவர் என்னிடம் மறைத்து வைத்திருந்தார். பின்னர் நானே அதை மொழி வகுப்பில் தெரிந்துகொண்டேன்.

நான் சாய்ந்தமருதுக்காரி. கல்முனையை ஒட்டிய எங்கள் ஊரில் என்னைப் பற்றி ஒரு நல்ல பெயர் இருந்தது. தொழுகையில் தவறாதவள், நோன்பை ஒருநாளும் விடாதவள். மற்றப் பெண்கள் மாதத் தீட்டு நாட்களில் விட்ட நோன்புகளை ரமழான் முடிந்த பிறகு களா என்று கணக்கு வைத்துப் பிடிப்பார்கள். எனக்குப் பிடிப்பதற்குக் களா இருந்ததில்லை. "இந்தப் பிள்ளையப் பாருங்க, முப்பதையும் முழுசாப் புடிச்சிரிக்கா" என்று பக்கத்து வீட்டு மாமி ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அதன் பொருள் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று வேறு கதைக்குத் தாவினார். அன்று முதல் தீட்டால் தொழாத நாட்களும் எனக்கு உண்டு என்று காட்டுவதற்காக, மாதத்தில் சில நாட்கள் பாயை விரிக்காமல், யாரும் காணாமல் அறைக்குள் இருந்து தொழுதேன்.

எனக்கு அது நின்றது பதினான்கு வயதில். பெரிய பிள்ளையாகி ஒரு வருடம்கூடச் சரியாக ஆகியிருக்கவில்லை. கடல் வந்தபின் பள்ளிக்கூடக் கட்டடத்தில் அகதிகளாக இருந்தோம். ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள். துணி இல்லை, மறைப்பு இல்லை, மலசலகூடத்துக்கு வரிசை. அந்த நிலையில் மாதா மாதம் வருவது வராமல் போனதை நான் ஒரு உதவியாகத்தான் நினைத்தேன். உம்மாவுக்குக் கவனிக்கும் நிலை இல்லை. பின்னர் எப்போதாவது ஒருமுறை தலைகாட்டும். பிறகு அதுவும் இல்லை. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. கலியாணம் முடித்த பிறகுதான் அது எல்லோருடைய விடயமும் ஆனது. மாத்திரை தந்தார்கள், மாத்திரை குடிக்கும் வரை வந்தது, விட்டதும் நின்றது. தண்ணீர் ஓதித் தந்தார்கள், இடுப்பில் நூல் கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து வாழ்வதுதான் வழக்கம். ஆகவே மாமியார் கொடுமை என்று எதுவும் எனக்கு இல்லை. ஆனால் ஜிப்ரியின் உம்மா, என் மாமி, வெள்ளிக்கிழமைகளில் வருவார். வந்து என் முகத்தைப் பார்க்க மாட்டார், வயிற்றைப் பார்ப்பார்.

இங்கே குடும்ப வைத்தியரை ஹாய்சார்ட்ஸ் என்கிறார்கள். எந்த நோவுக்கும் முதலில் அவரிடம்தான் போக வேண்டும். குழந்தை இல்லாததைச் சொல்வதற்காகப் போனோம். எங்கள் ஹாய்சார்ட்ஸ் இளம் பெண். அவர் என்னைப் பார்த்து, கடைசியாக எப்போது "ஒன்ஹெஸ்டெல்ட்" ஆக இருந்தீர்கள் என்று கேட்டார். அகராதியில் அந்தச் சொல்லுக்குச் சுகயீனம் என்ற பொருளைப் பார்த்திருந்தேன். "இல்லை, நான் எப்போதும் நல்ல சுகம்" என்று பெருமையாகச் சொன்னேன். "ஒருபோதும் இல்லையா?" என்றார். "ஒருபோதும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். அவருடைய முகம் மாறியது. மாத விலக்கைத்தான் இவர்கள் அந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று ஜிப்ரி காதுக்குள் சொன்னபோது எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது. ஆனால் என் பதில் ஏறக்குறையச் சரியாகவே அமைந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், தலையையும் படம் பிடித்தார்கள். கர்ப்பப்பை நன்றாக இருந்தது. குழாய்களில் அடைப்பு இல்லை. முட்டைகளும் இருந்தன. அந்தப் பெண்நோய் வைத்தியர் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயோடு சேராத கேள்விகளைக் கேட்டார். இரவில் நித்திரை வருகிறதா? கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பீர்களா? ஒரு நாளைக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்? பசிக்கிறதா? பசி என்பது எனக்கு எப்படி இருக்கும் என்றே மறந்திருந்தது. கடைசியாக, இது எப்போது நின்றது என்று கேட்டார்.

"கடல் வந்த பிறகு" என்றேன்.

கல்முனையிலும் கொழும்பிலும் எத்தனையோ வைத்தியர்கள் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். "சின்ன வயசுல" என்றே சொல்லி வந்திருக்கிறேன். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் நான் வைத்தது அன்றுதான். 

என்ன நடந்தது என்று இங்கே எழுதுகிறேன். என் அக்கா, பௌசியா ராத்தா, அப்போது நிறைமாதம். எங்கள் வளவுக்குள்ளேயே அவளுடைய வீடு. அன்று காலையில் நானும் அவளும் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தோம். கடற்கரைப் பக்கமிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை. ராத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பள்ளிவாசலுக்குப் போகும் ஒழுங்கையின் பாதியில் அவள் நின்றுவிட்டாள். இரண்டு கைகளாலும் வயிற்றைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஏலா புள்ள. நீ ஓடு. பள்ளிக்கு மேல ஏறு" என்று என்னைத் தள்ளினாள். பள்ளிவாசல் மேல்மாடியின் சன்னலில் இருந்து நான் பார்த்தேன். அவள் ஓடவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். பிறகு அங்கே ஒழுங்கையே இல்லை. அவளையும் அவள் வயிற்றில் இருந்ததையும் ஒன்றாகவே அடக்கினோம்.

இதையெல்லாம் வைத்தியர் கேட்டு முடித்தார். பிறகு ஒரு தாளில் தலை ஒன்றை வரைந்து விளக்கினார். மூளையின் அடியில், ஒரு பாதாம் பருப்பளவில் ஓரிடம் இருக்கிறதாம். அங்கிருந்துதான் முட்டையை முதிரச் செய் என்ற கட்டளை கீழே புறப்படுகிறது. பெரிய ஆபத்து வரும்போது, உயிர் பிழைப்பதற்கான சுரப்புகள் உடம்பில் ஏறுகின்றன. இது பிள்ளை பெறும் காலம் இல்லை என்று மூளை அந்தக் கட்டளையை நிறுத்தி வைக்கிறது. ஆபத்து நீங்கியதும் பெரும்பாலானவர்களுக்கு அது திரும்பி வந்துவிடும். சிலருக்கு மூளை ஆபத்து முடிந்ததை நம்புவதில்லை. நித்திரையின்மையும் சாப்பாடின்மையும் அந்தப் பயத்துக்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கின்றன. உங்களுக்கு இது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் வேறு பழுது எதுவும் தென்படவில்லை என்றார்.

இதை உம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது. மூளை, சுரப்பி என்றால் உம்மாவுக்கு விளங்காது. வாப்பா சவளக்கடைப் பக்கம் வேளாண்மை செய்தவர்; ஆகவே தண்ணீரை வைத்துச் சொன்னேன்.

"உம்மா, வயல்ல ஒரு பிழையும் இல்லியாம். வாய்க்காலும் நல்லாத்தான் கிடக்காம். மேல மதகத்தான் பூட்டிப் போட்டிருக்காம்."

"ஆர் பூட்டின?"

"என்ட மூளதான். கடல் திரும்ப வரும் எண்டு பயத்துல பூட்டின."

உம்மாவுக்கு அது விளங்கிவிட்டது. பிறகு, "இவ்வளவு காலமும் உன்னப் போட்டு ஓதிப் பாத்தமே. ஒருத்தராவது உன்னோட ராத்தாவப் பத்திக் கதைச்சமா புள்ள?" என்றார். அழுதார். நாங்கள் இருவரும் ராத்தாவின் பெயரைச் சொல்லி அழுதது அதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சாவு விழுந்து மையத்துக் கிடந்தது. யார் யாரைத் தேற்றுவது? பேசாமல் இருந்துதான் பிழைத்தோம்.

மாமி இதை ஒத்துக்கொள்ளவில்லை. "கடல் எனக்கும்தான் ரெண்டு புள்ளைகள எடுத்த. அதுக்குப் புறகு நான் ஒண்டப் பெறல்லியா?" என்று கேட்டார்.  அவர் சொன்னது உண்மை. கடலுக்குப் பிறகு எங்கள் ஊரில் எத்தனையோ தொட்டில்கள் ஆடின. வைத்தியரிடம் இதைக் கேட்டேன். எல்லா உடம்பும் ஒன்றல்ல; உங்களுக்கு அந்த ஏற்பாடு அப்போதுதான் ஓடப் பழகிக்கொண்டிருந்தது என்று மட்டும் சொன்னார். மாமி அடுத்த தடவை அழைத்தபோது, இரண்டாவதாக முடிக்க நற்பிட்டிமுனையில் ஒரு பெண் இருப்பதாக ஜிப்ரியிடம் சொன்னார். நான் குசினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஜிப்ரி குரலை உயர்த்தவில்லை. "உம்மா, இவவுக்கு ராத்தாட மையத்து இன்னும் வீட்டுக்குள்ளதான் கிடக்கு. அத முதல்ல அடக்கிட்டு வாறம். இனி அந்தக் கதைய எடுக்காதீங்க" என்றார். மாமி பல மாதங்கள் எங்களோடு பேசவில்லை.

பெண்நோய் வைத்தியர் மனநல வைத்தியத்துக்கும் அனுப்பியபோது எனக்கு விசர்ப்பட்டம் கட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கே ஒரு பெண் தன் விரலை இடமும் வலமுமாக அசைப்பார். என் கண்கள் அதைத் தொடர்ந்து போக வேண்டும். மனம் அந்தப் பள்ளிவாசல் சன்னலில் நிற்க வேண்டும். முதல் நாட்களில் வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். ஒருநாள் அவர், அந்தச் சன்னலில் நிற்கும் சிறுமி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டார். என் வாயிலிருந்து நான் அறியாத ஒரு பதில் வந்தது. "வயிறு இருந்தா ஓட ஏலாது." தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியிருக்காது. ஆனாலும் விரலைக் கீழே இறக்கிவிட்டார். பிள்ளை வேண்டும் என்று இத்தனை வருடம் அழுது கேட்டவள், உள்ளுக்குள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. சாப்பிடப் பழக வேண்டியிருந்தது. ஓடுவதற்கு வசதியாகத் திறந்தே வைத்திருந்த கதவைப் பூட்டிப் படுக்கப் பழக வேண்டியிருந்தது. ஊசி மருந்தும் தந்தார்கள். ஒரு ரமழானில், பின்னேரம் அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வந்தது, மாத்திரை இல்லாமல், ஊசி இல்லாமல். பொழுது பட இன்னும் நேரம் இருந்தது. நோன்பு முறிந்துவிட்டது என்று தெரிந்தும் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க முடியாமல் நின்றேன். ஜிப்ரி வந்து கேட்டார். "இண்டைக்கு எனக்கு நோன்பு இல்ல" என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகும் ஒன்று தங்கிக் கலைந்தது. அதை ஊருக்குச் சொல்லவில்லை. இப்போது மீண்டும் தங்கியிருக்கிறது. ஐந்து மாதம் கடந்துவிட்டது. சந்தோசம் என்று இதைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. வயிறு தெரியத் தொடங்கியதிலிருந்து, போகும் இடங்களில் மேலே ஏறும் படிகள் எங்கே என்று கண் தேடுகிறது. எத்தனை வேகத்தில் நடக்க முடியும் என்று என்னையறியாமல் நடந்து பார்க்கிறேன். ஊரில் இதை வாசிக்கும் தங்கச்சிமாரில் யாருக்காவது கடலுக்குப் பிறகோ, சண்டைக்குப் பிறகோ, வீட்டுக்குள் நடந்த எதற்காவது பிறகோ இப்படி நின்றிருந்தால், உங்கள் உடம்பைத் திட்டாதீர்கள். வைத்தியரிடம் போங்கள், போகும்போது நடந்ததையும் சொல்லுங்கள். எல்லோருக்கும் திரும்பி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கே இன்னும் முழுதாகத் தெரியாது.

போன கிழமை மருத்துவிச்சியிடம் போனோம். சைக்கிளில் வீடு வீடாகப் போகும், சிவந்த கன்னங்கள் உள்ள பெண். இந்த நாட்டில் விரும்பினால் வீட்டிலேயே பிள்ளை பெறலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. அவர் கணினியைப் பார்த்துக்கொண்டே, "தாய்ஸ்?" என்று கேட்டார். வீட்டிலா என்று பொருள்.

"முடியாது. சரியான தூரம். இந்த நிலையில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்" என்றேன். "அதோடு வீடு கடலுக்குப் பக்கத்தில்."

அவர் குழம்பி எங்கள் விலாசத்தை மறுபடி பார்த்தார். "உங்கள் வீடு அடுத்த தெருவில்தானே இருக்கிறது?"

ஜிப்ரி என் பக்கம் சாய்ந்து, "அவ நம்மட இந்த வீட்டக் கேக்குறா" என்றார்.  மருத்துவிச்சி விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். நான் வயிற்றை இரண்டு கைகளாலும் கீழிருந்து தாங்கிக்கொண்டு, எந்த வீட்டைச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.