சட்டை மடிப்பில் தைத்த சீட்டு

கடலை நான் பார்த்தது வாழ்நாளில் ஒரே ஒரு முறை. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே, கப்பல் ஆட்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் கிடந்த ஒரு மேஜையின்மேல்தான் கோபம் வந்தது. இத்தனை வருஷம் ஆகியும் அது ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் எனக்கு இல்லை.

யுத்தத்தின்போது நூல் கிடைக்காமல் ஜலகண்டாபுரத்தில் தறிகள் நின்றன. தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தே வளர்ந்த என் அண்ணன், சென்னைக்குப் போய் ஒரு சரக்குக் கப்பலில் கொதிகலன் அடுப்புக்குக் கரி தள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். கப்பலுக்கு ஆள் பஞ்சமான காலம். கையை நீட்டச் சொன்னார்கள், பல்லைப் பார்த்தார்கள், ஏற்றிக்கொண்டார்கள். மாடு வாங்குகிறவன்கூட நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பான்.

ஒன்றரை வருஷம் கழித்து அண்ணன் சேலம் ஜங்ஷனில் வந்து இறங்கியபோது, கூட்டிவரப் போன தங்கை எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பத்தடி நடந்தால் நின்று இருமினார். கேட்டால், "கடக்காத்து ஒத்துக்கல சாமி, நம்மூருத் தண்ணி குடிச்சாச் செரியாப் போயிரும்" என்றார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். கைக்குழந்தையோடு இருந்த அண்ணி பயந்துவிடக் கூடாது என்று சொன்ன பொய்.

கடல் தாண்டிப் போனவர் அப்படியே வீட்டுக்குள் வரக் கூடாது என்பது எங்கள் தெருவின் கட்டு. காவிரியில் முழுகி, உடுத்தி வந்த துணியை ஆற்றோடு விட்டு, புதுத்துணி கட்டிக்கொண்டுதான் நிலைப்படி தாண்ட வேண்டும். ஆகவே ஜங்ஷனிலிருந்து நேரே மேட்டூர்ப் பக்கம் ஆற்றுக்கு அழைத்துப் போனேன். அண்ணன் காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டு தண்ணீரில் முழுகினார். கரையில் அவர் கழற்றிப் போட்ட சட்டை கரியும் வியர்வையுமாக நாறியது. பீடை இதோடு ஒழியட்டும் என்று ஒரு குச்சியால் அதைத் தூக்கி நான்தான் ஆற்றில் விட்டேன். சந்தோஷமாகவே விட்டேன்.

அவர் கரையேறித் தலையைத் துவட்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"என்ற சட்டை எங்க சாமி?"

"ஆத்துல உட்டுட்டனுங்ண்ணா. புதுசு கொண்டாந்திருக்கறன்."

அண்ணன் ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது.

கப்பலில் டாக்டர் கிடையாது. ஒரு மரப்பெட்டி நிறைய மருந்து உண்டு. அதன் சாவி ஓர் அதிகாரியின் இடுப்பில். காய்ச்சலா, வயிற்றுப்போக்கா, நெஞ்சுவலியா, எதற்கும் அவர் கொடுத்தது ஒரே வெள்ளைப் பொடி. வியர்வை வற்றிப்போகிற சூட்டில் கரி தள்ளிவிட்டு, அதே உடம்போடு மேல்தளத்துக் குளிர்காற்றில் வந்து விழுவார்கள். அண்ணன் ரத்தம் துப்பியதைக் காட்டியபோது, வேலைக்குப் பயந்து நாக்கைக் கடித்து ரத்தம் வரவழைத்திருக்கிறான் என்றாராம் அந்த அதிகாரி. கப்பல் ஆட்களின் புத்தகத்தில் நோய் எழுத வேண்டிய பத்தியில் ஒன்றும் எழுதவில்லை. கப்பலின் கொதிகலனை மட்டும் துறைமுகத்துக்குத் துறைமுகம் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்களாம். அதில் ஒரு சொட்டு ஒழுகினால் கப்பல் கிளம்பாது. அண்ணனின் நெஞ்சு ஒழுகியபோது கிளம்பியது.

கடைசியில் ஏதோ ஓர் அந்நியத் துறைமுகத்தில் கப்பலேறி வந்த டாக்டர் ஒருவர், இரக்கப்பட்டு அண்ணன் முதுகில் காது வைத்துக் கேட்டிருக்கிறார். நெஞ்சு கெட்டுவிட்டது, இது கரி அறையில் வந்த நோய், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சென்னையில் இறங்கியதும் துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்த அலுவலகத்தில் அண்ணன் அதைக் காட்டினார். கப்பல் ஆட்களுக்கான ஆஸ்பத்திரியில் படுக்கை காலியில்லை, பதினைந்து நாள் கழித்து இதே சீட்டோடு வா என்று சொல்லி அனுப்பினார்கள்.

ரயிலில் திருட்டுப் போய்விடும் என்று அண்ணன் சீட்டைச் சட்டையின் அடி மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டார். அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் இணைக்கிற கை அது. நான் உற்றுப் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். இதைச் சொல்லி என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். தேறவில்லை.

பதினைந்தாம் நாள் அண்ணனைச் சென்னைக்குக் கூட்டிப் போனேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் என்பதால் நான் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா பெரிய புத்தகத்தைப் புரட்டினார். அண்ணன் பெயர் இருந்தது. கப்பல் பெயர் இருந்தது. ஊர், தெரு, தகப்பன் பெயர், இடது புருவத்துத் தழும்பு எல்லாம் இருந்தன.

"நோய் ஒண்ணும் எழுதலையேம்மா. டாக்டர் சீட்டு எங்கே?"

"ஆத்தோட போயிருச்சுங்க. பதினஞ்சு நாளைக்கு முன்னால இங்கதானுங்க காட்டுனாரு."

"காட்டினா எழுதியிருப்பாங்களே."

"எழுதாதது எங்க தப்புங்களா? ஆளு முன்னால நிக்கறாருங்க. நெஞ்சுல காது வெச்சுக் கேளுங்க."

"நெஞ்சை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்குச் சீட்டுதான் வேணும்."

இரண்டு மேஜை தள்ளி, கழுத்தில் குழாய் மாட்டிய டாக்டர் ஒருவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் இருமியபோது தம்ளரைக் கையால் மூடிக்கொண்டார். அவருக்கு நோய் தெரிந்துவிட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? நான் அவர் காலில் விழுந்தேன். குமாஸ்தா அனுப்பினால் பார்ப்பதாகச் சொன்னார். குமாஸ்தா அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சட்டையை ஆற்றில் விட்டது என் தப்பு. அதை நான் யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் ஒரு மனிதனின் உயிர் சட்டை மடிப்பில் இருக்கும்படி செய்தது யார்? அலுவலகம் நிறையக் காகிதம் வைத்திருந்தவர்கள், அன்று அவர் காட்டியபோது ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தால் போதாதா?

அண்ணன் ஊருக்கு வந்து நாலு மாதம் இருந்தார். கடைசி நாட்களில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். "நீ என்ன சாமி பண்ணுவ, நாஞ்சொல்லியிருக்கோணும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். ஆவணி மாதத்தில் ஒரு காலையில் போய்விட்டார்.

காரியம் முடிந்த வாரத்தில் அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஊரும் தெருவும் ஓர் எழுத்துப் பிசகாமல் அண்ணன் பெயருக்கு எழுதியிருந்தார்கள். கப்பலுக்கு ஆள் தேவைப்படுகிறது, புத்தகத்தில் நோய் ஏதும் குறிக்கப்படாததால் அவர் உடல் தகுதி உள்ளவர், உடனே வந்து வேலையில் சேர வேண்டும். அண்ணி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் பதில் எழுதினேன். அண்ணன் இறந்துவிட்டார், அதற்குச் சீட்டு எதுவும் எங்களிடம் இல்லை, ஆகவே நீங்கள் நம்ப வேண்டியதில்லை என்று எழுதிப் போட்டேன்.

அவர்கள் நம்பவில்லை. அடுத்த மாதமும் அண்ணன் பெயருக்குக் கடிதம் வந்தது.