ரின் மீன் கிரந்தியா?

மலர் தன் கணவரைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். டொக்டர் கேட்ட முதல் கேள்வியே பிழையாய்ப் போனது.

"அப்பாவுக்கு என்ன வயசு?"

"அப்பா இல்லை ஐயா. இது என்ர மனுசன்."

செல்வராசாவுக்கு அப்போது நாற்பது ஆகவில்லை. கன்னம் ஒட்டி, தோல் சுருங்கி, கண் உள்ளே போயிருந்தது. டொக்டரை நான் குறைசொல்ல மாட்டேன். நானும் மாமனார் என்றுதான் நினைத்தேன்.

யுத்த காலத்தில் இலங்கைத்துறைப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். ஊருக்கு நான் மிஸ்ஸி. இப்போது தாதிப் படிப்புப் படிக்கிற பிள்ளைகள் குண்டுக்காயம் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் சொல்வது திருக்கை முள் குத்திய காயம். கரைவலை இழுக்கும்போது செல்வராசாவின் வலது காலில் குத்தியது. மாதக்கணக்காக ஆறாமல், சுற்றிவரச் சிவந்து வீங்கி, சீழ் வைத்துக்கொண்டிருந்தது.

"திருகோணமலைக்கு அனுப்பத்தான் வேணும். முழங்காலுக்குக் கீழ எடுத்துவிடுவினம்," என்றார் டொக்டர்.

ஆனால் பாதை மூடியிருந்தது. மூதூர் லோஞ்சுப் படகும் ஓடவில்லை. ஆகவே காலை இழப்பதற்கு அவர் எங்கள் வார்டில் காத்துக்கிடந்தார்.

சட்டிக்குத் தடை

டிரஸ்ஸிங் ஒழுங்காகச் செய்தேன். காய்ச்சல் இல்லை, சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் இல்லை. காயம் மட்டும் அசையவில்லை. ஒருநாள் மலர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தேன். சோறும் ரசமும். அடுத்த நாளும் சோறும் ரசமும்.

"வேற ஒண்டும் குடுக்கிறேல்லையா?"

"காயக்காரனுக்குக் கிரந்தி குடுக்கலாமா மிஸ்ஸி?"

கிரந்தி என்றால் காயத்தைக் கிளறிவிடும் சாப்பாடு. எங்கள் பக்கத்தில் றாலும் நண்டும் கணவாயும் கத்தரிக்காயும் கிரந்தி. மலர் அதோடு நிற்கவில்லை. மற்ற மீன், முட்டை, கீரை எல்லாவற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டாள். பருப்பு வாயு என்பதால் அதுவும் போனது. கடலை நேவி மூடியிருந்தது, சட்டியை மலர் மூடியிருந்தாள்.

டொக்டரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "காயம் ஆற உடம்பில புதுக் கலங்கள், செல்கள் உண்டாக வேணும். அதுக்குப் புரதம் வேணும், இரும்பு வேணும், சிங்க் வேணும். இதுகள் இல்லாட்டி அழற்சி அடங்காது. அடங்காத அழற்சி கலங்களைக் கெதியாக் கிழடாக்கிவிடும். அந்த ஆளின்ர முகத்தைப் பாருங்கோ, தெரியும்."

சிங்க் மாத்திரை கேட்டு மேலே எழுதினோம். பஞ்சு வந்தது.

மலரோடு வாதாடி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அவள் பிடித்த பிடியிலேயே நின்றாள். அப்போதுதான் நிவாரணச் சாமான் ஞாபகம் வந்தது. அரிசி, மா, சீனியோடு தகரத்தில் அடைத்த ரின் மீனும் கொடுத்திருந்தார்கள்.

"மலர், ரின் மீன் கிரந்தியா?"

"அது தெரியாது மிஸ்ஸி. ஆரும் சொல்லித் தரேல்ல."

ஊரில் எந்த மீனுக்கும் ஒரு தீர்ப்பு உண்டு. தகரத்துக்குள் இருக்கிற மீனுக்கு ஒருவரும் தீர்ப்புச் சொல்லி வைக்கவில்லை. வெற்றி என்று நினைத்து, அன்றைக்குத் தேநீரை இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடித்தேன்.

சோதனை

மலர் அடுத்த நாளும் ரசம்தான் கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். கேட்டால் "பொறுங்கோ மிஸ்ஸி" என்பாள். பிறகு ஒருநாள் ரின் மீன் குழம்பு கொண்டுவந்தாள். பாத்திரத்தை நீட்டும்போது முன்கையில் ஒரு வெட்டுக்காயத்தைக் கண்டேன்.

"இது என்ன?"

"தேங்காய் துருவேக்க பட்டது."

துருவலைப் பல் அப்படி நேராக வெட்டாது. நான் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"கத்தியால நான்தான் கீறினனான்," என்றாள் கடைசியில். "கீறிப்போட்டு ரின் மீன் திண்டு பாத்தனான். சீழ் வைக்கேல்ல, கடிச்சுச் சொறியவும் இல்லை. காஞ்சு போச்சுது பாருங்கோ. எனக்கு வைச்சாப் பரவாயில்லை மிஸ்ஸி. அவருக்கு வைச்சாக் கால் போயிடும்."

எனக்கு ஏச வாய் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு அவள் கைக்கு மருந்து போட்டேன்.

செல்வராசா ரின் மீனை முள்ளோடு சாப்பிட்டார். பிறகு பருப்பும் சேர்ந்தது, கீரையும் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் மலர் முதலில் தான் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கொடுத்தாள். வீக்கம் மெல்ல வற்றியது. காயத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் ஏறியது. சாப்பாடு மட்டும்தான் ஆற்றியது என்று சொல்ல மாட்டேன். டிரஸ்ஸிங்கும் இருந்தது, காலை உயர்த்தி வைத்துக் கிடந்த ஓய்வும் இருந்தது. ஆனால் அதே டிரஸ்ஸிங்கை ரசத்தோடும் செய்து பார்த்தவள் நான். முகமும் மாறியது. மாமனார் போய், மலரின் அண்ணன் அளவுக்கு வந்திருந்தார்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காயக்காரரிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் நல்ல பதில்தான் வரும். எதைச் சாப்பிடாமல் விட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். சொல்கிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர்களும் காலைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார்கள்.

வண்டி

பாதை திறந்ததும் அம்புலன்ஸ் வந்தது. எங்களிடமிருந்து போன பழைய தகவலை வைத்துக்கொண்டு சாரதி வாசலில் நின்று கூப்பிட்டான்.

"கால் எடுக்கிற ஆள் எங்க?"

செல்வராசா கட்டிலிலிருந்து இறங்கினார். நான் தாங்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். நொண்டி நொண்டி வார்டைக் கடந்து, படி இறங்கி, வண்டி வரைக்கும் தானே நடந்தார்.

"நான்தான் தம்பி."

சாரதி அவரைப் பார்த்தான், குனிந்து காலைப் பார்த்தான்.

"அது என்னோடதான் நிக்குது," என்றார் செல்வராசா. "நீங்கள் போயிட்டு வாங்கோ."