ஹானரபிள் அக்கோசுவின் கடைசிக் கேள்வி

இயோர்ஹென் அக்கோசு சட்டசபைக்குப் போவதற்கு முன்னால் கால்பந்து நடுவராக இருந்தார். சொந்த ஊரான ட்சே-கும்பாவின் அணிக்கு எதிராகவே கடைசி நிமிடத்தில் பெனால்டி கொடுத்துவிட்டு, சொந்தச் சித்தப்பா கையால் செருப்படி வாங்கியவர். மாவட்டம் முழுக்க அந்தச் செருப்படிதான் அவருக்குத் தேர்தல் விளம்பரம். "சொந்த ஊருக்கே விசில் ஊதினவன், கவர்னருக்கு ஊதமாட்டானா?" என்று ஜனங்கள் ஓட்டைக் குத்தினார்கள். ட்சே-கும்பாவில் மட்டும் ஓட்டு சொற்பம்தான்.

சபைக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான் அங்கே ஊதுவதற்கு ஆட்டமே நடப்பதில்லை என்று தெரிந்தது. மாநிலத்தையே மடியில் வைத்திருக்கும் கவர்னர் எதை அனுப்பினாலும் உறுப்பினர்கள் மேசையைத் தட்டி "ஆம்" என்று கத்துவார்கள். பிறகு சாப்பிடப் போவார்கள். இடித்த கிழங்கு ஆறிவிட்டால் கல்லாகிவிடும் என்பதால் கத்துவதிலும் ஓர் அவசரம் இருக்கும்.

அவருக்கு ரொம்பவும் எரிச்சல் மூட்டியது கமிஷனர் தேர்வு. கமிஷனர் என்றால் மாநில மந்திரி. கவர்னர் பெயரை அனுப்புவார். சபை அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கவேண்டும் என்பது சட்டம். ஆள் புதுத் தொப்பியோடு வந்து நிற்பார். உடனே ஒருவர் எழுந்து, "சபாநாயகர் அவர்களே, இவரோட அம்மா எங்க ஊர்ப் பொண்ணு. இவரைப் போய் என்ன கேக்கறது? வணங்கிட்டுப் போகட்டும்" என்பார். வந்தவர் இடுப்பு வளைய ஒரு வணக்கம் போடுவார். முடிந்தது, வாசலில் மேளம். இப்படிக் குனிந்தே விவசாய மந்திரி ஆன ஒருவர், பூத்துக் கிடந்த எள்ளுக்காட்டைப் பார்த்து, "யாருய்யா இவ்வளவு பெரிய பூந்தோட்டம் போட்டது?" என்று கேட்டிருக்கிறார்.

இனி யாரும் வணங்கிவிட்டுப் போகக்கூடாது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும், அது ரேடியோவில் நேரடியாகப் போகவேண்டும் என்று அக்கோசு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். சபை வயிறு வலிக்கச் சிரித்தது. பக்கத்து இருக்கை இக்யா, நல்ல மனிதர், காதோரம் வந்து சொன்னார்: "ஹானரபிள், அடுத்த தேர்தல்ல தோத்துட்டா நீங்களும் நானும்தான் மந்திரி பதவிக்கு அங்க போய் நிக்கணும். சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கறீங்களே."

தொகுதியில் அதைவிட மோசம்.

"பக்கத்துத் தொகுதிக்காரர் தையல் மெஷின் குடுக்கறாரு. நீங்க எங்களுக்கு என்ன குடுத்தீங்க?" என்று சந்தையில் ஒரு அம்மாள் மடக்கினாள்.

"கேள்வி கேக்கற உரிமையை வாங்கித் தரப்போறேன், அம்மா."

"அதுல மாவு அரைக்கலாமா?"

வருஷக்கணக்கில் தூங்கிய தீர்மானம் திடீரென்று நிறைவேறியதற்குக் காரணம் அக்கோசுவின் பேச்சு இல்லை. சபாநாயகரின் மச்சானுக்கு மந்திரி பதவி இல்லை என்று கவர்னர் கையை விரித்துவிட்டார். அன்றிலிருந்து சபாநாயகருக்கு வெளிப்படையான நிர்வாகத்தின்மேல் அப்படி ஒரு காதல். தீர்மானம் காலையில் வந்தது, மதியச் சாப்பாட்டுக்கு முன் சட்டமாயிற்று. அக்கோசுவின் படம் பேப்பரில் வந்தது. மனிதர் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

கவர்னர் மட்டும் என்ன, வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவரா? அடுத்த பட்டியலில் முதல் பெயர்: கல்வி மந்திரி, திருமதி இவெரென் அக்கோசு.

தகுதி இல்லாத பெயர் என்று யாரும் சொல்லமுடியாது. பெண்கள் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. கணவர் ஊர் ஊராக விசில் ஊதித் திரிந்த காலத்தில் குடும்பத்துக்குச் சோறு போட்டதே அந்தச் சம்பளம்தான். அவளுக்கு அந்தப் பதவிமேல் ஆசை இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

விசாரணை நாளன்று காலையில் கஞ்சியும் பயறு வடையும் வைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே போதும். யாராவது வணங்கிட்டுப் போகச் சொல்லுவாங்க. நான் வணங்கிட்டு வந்துடறேன்."

"அது என் தீர்மானம், இவெரென்."

"உங்க தீர்மானத்துக்கு முன்னாடியே உங்களுக்கு வாக்கப்பட்டவ நான்."

"முதல் நாளே என் வீட்டுக்காரியை விட்டுட்டா, நாளைக்கு யாரை நிறுத்திக் கேக்கமுடியும்?"

"சரி, கேளுங்க. ஆனா எனக்குப் பொய் சொல்ல வராது. அது உங்களுக்கே தெரியும்."

அக்கோசு அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு இன்னொரு வடையை எடுத்தார்.

சபையில் இக்யாதான் முதலில் எழுந்தார். "நம்ம ஹானரபிளோட வீட்டம்மா. நமக்கெல்லாம் அண்ணி. அண்ணியைக் கேள்வி கேட்டா நாக்கு அழுகிடும். வணங்கிட்டுப் போகட்டும்." மேசைகள் அதிர்ந்தன. இவெரென் கணவரைப் பார்த்தாள். அக்கோசு எழுந்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நானே கேக்கறேன்."

கேட்டார். கூரையில்லாத பள்ளிகள், சம்பளம் வராத ஆசிரியர்கள், பாதியில் நிற்கும் பெண்பிள்ளைகள். அவள் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள். பார்வையாளர் மாடத்தில் கைதட்டல். அதோடு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால், அவளுக்குப் பின்னால் மந்திரி பதவிக்கு வரிசையில் காத்திருந்த ஒரு காண்ட்ராக்டரை மனதில் வைத்து, எல்லோரையும் கேட்கவேண்டும் என்று அவர் ஒரு கேள்வியைத் தீட்டி வைத்திருந்தார். கைதட்டல் கேட்ட உற்சாகத்தில் அதுவும் வந்துவிட்டது.

"அரசாங்கம் ஊருக்குன்னு செஞ்ச எதையாவது உங்க வீட்டுல வச்சு அனுபவிக்கிறீங்களா?"

வாயைவிட்டுப் போன பிறகுதான் ஞாபகம் வந்தது.

"அனுபவிக்கறோம்," என்றாள் இவெரென். "ட்சே-கும்பா ஜனங்களுக்குன்னு வந்த ஆழ்துளைக் கிணறு எங்க காம்பவுண்டுக்குள்ள இருக்கு. தண்ணித் தொட்டி, சோலார் பேனல் எல்லாமும்."

இக்யா துள்ளி எழுந்தார். "துணைக் கேள்வி. வெளிய இருக்கவேண்டியது உள்ள எப்படி வந்துச்சு, அண்ணி?"

"வெளிய வச்சா பேனலைத் திருடிடுவாங்கன்னு சொன்னாங்க. கேட் எப்பவும் திறந்தே இருக்கும்னு எங்க வீட்டுக்காரர் ஊருக்கு வாக்குக் குடுத்தாரு. அப்புறம் ஆடு பூந்து என் கீரையைத் தின்னுடுச்சு. கேட்டைப் பூட்டினோம். பூட்டினது நான். சாவி அவர்கிட்ட."

சபாநாயகர் தொண்டையைக் கனைத்தார். அவருக்குக்கூடப் பாவமாக இருந்தது. "ஹானரபிள், நீங்க சொன்னா இந்தப் பகுதியைச் சபைக் குறிப்புலேர்ந்து எடுத்துடலாம். ரேடியோல ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

சபை முழுக்க அவர் வாயையே பார்த்தது. ஒரு 'சரி' போதும்; மானம் தப்பும், தீர்மானம் செத்துப்போகும். அவமானத்தில் அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"இருக்கட்டும்," என்றார். "எதையும் எடுக்கவேண்டாம்."

இவெரெனை ஒருமனதாக மந்திரி ஆக்கினார்கள். ரேடியோவில் இப்படிப் பேசும் பெண்மணியை எதிர்த்து ஓட்டுப்போட எவருக்கும் தைரியம் இல்லை. வெளியே காத்திருந்தவர்களில் காண்ட்ராக்டர் உட்பட இருவர் திடீரென்று மலேரியா கண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அக்கோசு நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் காரை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். புழுதியும் வேர்வையுமாக ஊருக்குள் நுழைந்தபோது, அவருக்கு முன்னாலேயே ரேடியோ வந்து சேர்ந்திருந்தது. கேட்டைக் கழற்றி மாமரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். காம்பவுண்டு முழுக்க மஞ்சள் கேன்கள், பெண்கள், பிள்ளைகள். கீரைப் பாத்தியில் ஆடுகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன.

யாரும் அவரைத் திட்டவில்லை. குளித்தால் தேவலை என்று வாளியை எடுத்துக்கொண்டு குழாய்ப் பக்கம் போனார். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

"ஹானரபிள், வரிசை அந்தக் கடைசிலேர்ந்து வருது."

அவர் கடைசிக்குப் போனார். அவருக்கு முன்னால், சபைக்குக் கட்டிப்போன பட்டுத் துணியைக்கூட மாற்றாமல், கல்வி மந்திரி கையில் கேனோடு நின்றுகொண்டிருந்தாள்.