மூக்குக்கு வந்ததை மட்டும்

ஜவ்வாது மலையில் இருக்கும் எங்கள் இயற்கைக் கல்வி மையத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளை நான் முதலில் கூட்டிப்போவது வாசனை நடைக்கு. வழியில் நொச்சி, விளா, எலுமிச்சைப்புல் என்று ஒவ்வொன்றாய்க் கிள்ளி, கசக்கி, கையில் கொடுப்பேன். முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். சட்டம் ஒன்றே ஒன்றுதான். மனசில் தோன்றுவதைச் சொல்லக்கூடாது, மூக்குக்கு வந்ததை மட்டும் சொல்ல வேண்டும். இந்த நடையை ஆரம்பித்து வைத்ததே நான்தான். இப்போது எனக்குத்தான் வாசனையே வராது.

கொரோனா இரண்டாம் அலை வந்தபோது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒன்றாகக் காய்ச்சல். மையத்தின் ஜீப்பை ஓட்டியவர் அவர். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அவரை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். எனக்கு மூக்கு மட்டும் போனது, அவர் முழுசாகப் போய்விட்டார். நான் எழுந்து நடமாடியபோது எல்லாம் முடிந்திருந்தது. முகம்கூடப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. அழாததைப் பற்றி என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். சொல்லட்டும், அவளுக்கும் பொழுது போக வேண்டுமே. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்கும் இல்லையா, அப்படி இருந்தேன். இன்றைக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அவர் கழற்றிப் போட்ட நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று கதவு ஆணியில் தொங்கியது. எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். ஒன்றுமே வரவில்லை. வெறும் துணி. மூக்கு டாக்டரிடம் போனேன். "நரம்பு விஷயங்க. திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார். சரி, காத்திருப்போம் என்று சட்டையைத் துவைக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு, இறுக்கிக் கட்டிப் பெட்டியில் வைத்தேன். மலையில் மழை பிடித்தால் துணியெல்லாம் பூஞ்சை பூத்துப்போகும், பூச்சி வேறு சல்லடையாக்கிவிடும். அதற்கு வேண்டியதையெல்லாம் செய்து கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். மூக்கு திரும்பி வரும் நாளில் கவரைப் பிரிப்பேன், அவர் உள்ளே இருப்பார். வேறு எதற்கும் நான் காத்திருக்கவில்லை. தினமும் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விடுவேன். பிறகு மூடிவிட்டு வேலைக்குப் போவேன்.

வேலை அதுபாட்டுக்கு ஓடியது. எந்த இலைக்கு எந்த வாசனை என்பதெல்லாம் மனப்பாடம். விளா இலை என்றால் சோம்பு வாசனை. பிள்ளைகள் சரியாகச் சொன்னால் "பலே" என்பேன், தப்பாகச் சொன்னால் "இன்னொரு தடவ மோந்து பாரு" என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எல்லா இலையும் அத்துப்படி, மாட்டிக்கொள்வேன் என்று அவர்களை ஓடைக்குக் கூட்டிப்போய்விடுவேன், அதற்குக் கண் போதும். மையத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

போன தை மாதம் வாணியம்பாடியிலிருந்து ஒரு பெண்கள் பள்ளி வந்தது. வழக்கம்போல முதலில் சந்தன மரத்தடியில் நிறுத்தி, "இதான் சந்தன மரம், இந்தாங்க இலை" என்று கசக்கிக் கொடுத்தேன். "ஆஹா, சூப்பர் மிஸ், ஊதுவத்தி மாதிரி!" என்று ஆளாளுக்கு உருகினார்கள். சந்தன இலையில் ஒரு வாசனையும் கிடையாது, எல்லாம் உள்ளே கட்டையில்தான். எந்தப் பள்ளி வந்தாலும் தவறாமல் விழும் பள்ளம் அது. வெள்ளை முக்காடு போட்ட ஒரு ஒல்லிப் பெண் மட்டும் திரும்பத் திரும்ப முகர்ந்துவிட்டு, "ஒண்ணும் வரலியே மிஸ்" என்றாள்.

"இவ ஒருத்திதான் மூக்கால மோந்தா. நீங்கல்லாம் காதால மோந்தீங்க" என்றேன்.

அங்கிருந்து ஓடைப் பக்கம் திரும்பி நொச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பிள்ளைகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போனார்கள். ஒருத்தி ஓங்கரித்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா நடிப்பு இது? உங்க ஊரு டேனரியில இல்லாத நாத்தமா இங்க?" என்று கத்தினேன். அவர்களுடைய டீச்சர்தான் மெதுவாக, "புதர்ல இன்னாவோ செத்துக் கெடக்குதுங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன். என் காலுக்குப் பக்கத்திலேயே ஒரு காட்டுப்பன்றிக் குட்டி, வயிறு உப்பி, ஈ மொய்த்துக்கொண்டு கிடந்தது. அதன் தலைமாட்டில் நின்றுதான் மூலிகை மகிமை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாப்பாடு முடிந்து கை கழுவும் குழாயடியில் அந்த ஒல்லிப் பெண் என்னிடம் வந்தாள்.

"மிஸ், உங்களுக்கு வாசன வராதா?"

"யார் சொன்னது?"

"எங்க அத்தாவுக்கும் வராது மிஸ். தோல் கம்பெனில கெமிக்கல் கலக்குறாரு. வூட்டுக்கு வந்ததும் அடுப்புகிட்ட ஒக்காந்துகினு, இன்னா கொழம்பு, எப்டி வாசன வருது, சொல்லுங்கன்னு கேப்பாரு. நாங்க மோந்து மோந்து சொல்வோம். அதக் கேட்டுகினே சாப்டுவாரு."

"டேனரின்னு சொன்னனே, கோவமா?"

"இருந்துச்சு மிஸ்."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவர்களுடைய பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. குழாயடிக்கு எதிரேதான் என் குவார்ட்டர்ஸ். போய்ப் பெட்டியிலிருந்து கவரை எடுத்துவந்தேன். என் மூக்குக்காக வைத்திருந்ததை அவள் மூக்குக்காகப் பிரித்தேன்.

"இது இன்னா வாசன வருதுன்னு சொல்லு. காலைல சொன்ன அதே சட்டம்தான்" என்றேன்.

வாங்கி முகர்ந்தாள். காலர், கை, பாக்கெட் என்று ஒவ்வொரு இடமாக. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பாச்சா உருண்ட மிஸ்."

"அப்புறம்?"

"அவ்ளோதான் மிஸ். பாச்சா உருண்ட மட்டுந்தான். மூக்கே எரியுது."

கவரின் அடியில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் கிடந்தன. போட்டது நான்தான். பூச்சி அரிக்கக் கூடாது என்று, கரையக் கரையப் புதிதாக வாங்கிப் போட்டேன். பாச்சை உருண்டைக்கு வாசனை உண்டு என்பது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. மூக்கிருக்கும் யாருக்கும் கவரைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்திருக்கும். அடிப்பாவி, என் கையாலேயே அவரை வெளியே அனுப்பியிருக்கிறேன். அந்த அடிப்பாவியும் வேறு யாரையோ திட்டியது போலத்தான் இருந்தது.

"உங்க வூட்டுக்காரரோடதா மிஸ்?"

தலையாட்டினேன்.

"அவருகிட்ட இன்னா வாசன வரும்?"

"டீசல்" என்றேன். கொஞ்சம் யோசித்து, "கிராம்பு. பல்வலிக்கு எப்பவும் வாயில ஒண்ணு அடக்கி வச்சிருப்பாரு. மழைல நனைஞ்சா ஜீப் சீட்டு வாசன" என்றேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது நெஞ்சில் எங்கோ ஒரு இடத்தில் வலித்தது. பெரிய வலி இல்லை, ஆனால் என்னுடைய வலி. அவள் அக்கறையாகக் கேட்டுக்கொண்டு, மறுபடி சட்டையில் முகம் வைத்துத் தேடினாள்.

"அதெல்லாம் இல்ல மிஸ்" என்றாள்.

பஸ் ஹாரன் அடித்தது. சட்டையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள்.

அன்று சாயங்காலம் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் கொடிக்குப் பக்கத்திலேயே நின்றேன். வரவில்லை. மறுநாள் காலையில் காப்பித்தூள் டப்பாவைக் காப்பி போடுவதற்காக மட்டும் திறந்தேன். நல்ல குளிர். ஈரம் சரியாகக் காயாத சட்டையைச் சுடிதாருக்கு மேலே மாட்டி, கையை மடித்துவிட்டுக்கொண்டு, அடுத்த பள்ளிப் பிள்ளைகள் முன்னால் போய் நின்றேன்.

"எனக்கு வாசன வராது. எனக்கும் சேத்து நீங்கதான் சொல்லணும். மூக்குக்கு வந்தத மட்டும்" என்றேன்.

முன்னால் நின்ற ஒரு குட்டிப் பெண் உடனே கையைத் தூக்கினாள்.

"உங்க சட்டைல சோப்பு வாசன வருது மிஸ்."