கார் தானாக ஓடிய மாலை

எண்பதுகளின் நடுவில், காரைக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. டி.வி.யில் ஆடும் விளையாட்டுப் பெட்டி விற்கச் சென்னையிலிருந்து வந்த கம்பெனி ஒன்று, எங்கள் மனமகிழ் மன்றத்தாருக்குத் தன் புது ஆட்டங்களைக் காட்டியது. கல்லூரியில் இயற்பியல் நடத்திய நான்தான் மன்றச் செயலாளர். வரவேற்புரையில் கம்பெனியை வானளாவப் புகழ்ந்தேன்.

திரையில் கார் பந்தயம். கம்பெனி ஆள் கைப்பிடியைத் திருப்பித் திருப்பி ஓட்டினார். அடுத்து வரப்போகும் ஆட்டங்கள் என்று சடுகுடு, ரேக்ளா வண்டிப் பந்தயம் எல்லாம் வண்ணத் தட்டிகளில் மின்னின.

மன்ற உறுப்பினரான, பக்கத்து நெரவி ஊர்த் தையல்காரர் எழுந்தார்.

"சார், அவரு கை இந்தப் பக்கம் போவுது, காரு அந்தப் பக்கம் போவுது. இவரு ஓட்டலீங்க. உள்ள ஏதோ கேசட்டு ஓடுது."

"ஊசியில நூல் கோக்குற வேலை இல்ல இது, விஞ்ஞானம். உட்காருங்க" என்றேன்.

மண்டபமே சிரித்தது. "ஒக்காருங்க விஞ்ஞானி, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவர் உட்கார்ந்தார்.

சற்று நேரத்தில் கரண்ட் போய் வந்தது. ஆட்டமென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கம்பெனி ஆளோ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கைப்பிடியை யாரும் தொடவில்லை. கார் மட்டும் விட்ட இடத்திலிருந்து வளைந்து வளைந்து ஓடியது. தையல்காரர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மைக் என் கையில்தான் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. நன்றியுரையிலும் புகழ்ந்தேன்.

மன்றம் வாங்கிய பெட்டியில் இருந்தது இரண்டு கோடுகளும் நடுவே துள்ளும் ஒரு புள்ளியும்தான். தட்டியில் கண்ட ஆட்டம் ஒன்றுகூட வரவில்லை. இன்று நினைத்தாலும் கொதிக்கிறது. செய்யாத பண்டத்தைச் செய்துவிட்டதாகக் காட்டுவது என்ன வியாபாரம்? அதற்கு மாலை போட்டு மேடையேற்றியவன் படித்தவனா?

தையல்காரர் சொன்னதே சரியென்று தெரிந்த பிறகும் 'விஞ்ஞானி' என்ற கேலிப்பெயர் அவரை விடவில்லை. மன்றத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் மன்னிப்புக் கேட்கத்தான் அவர் கடைக்குப் போனேன். கையில் சட்டைத் துணியையும் எடுத்துப் போயிருந்தேன். அளவெடுத்துவிட்டு, "எப்ப வேணும் சார்?" என்றார். "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பொய்யைக் காட்டியவர்கள் மறுநாளே பஸ் ஏறிப் போய்விட்டார்கள். உண்மையைச் சொன்னவரைச் சொந்த ஊரிலேயே தலைகுனிந்து நடக்கவைத்தது என் மௌனம்தான் என்பதை இந்த வயதிலும் என்னால் விழுங்க முடியவில்லை.