வேஸ்ட் கூடையும் எங்கள் முகங்களும்

பனியன் கம்பெனியில் கைமடி என்றால், தைத்து வந்த பனியனில் பிசிறு வெட்டி, கறை துடைத்து, மடித்து அடுக்கும் வேலை. அறுபதுகளில் மண்ணரை என்ற ஊரில் அந்த வேலை பார்த்த எங்களுக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலில், துண்டு கொண்டுவரக் கூடாது என்றார்கள்; துண்டுக்குள் பனியன் போய்விடுமாம். இரண்டாவது, தண்ணீர்த் தொட்டியைப் பூட்டினார்கள். முகம் கழுவினால் வேலை நிற்கிறதாம். மூன்றாவது, வேர்வை துடைக்க, வெட்டி மிஞ்சிய துண்டுகளைப் போடும் வேஸ்ட் துணிக் கூடையைக் காட்டினார்கள். நான்காவது, எங்கள் முகமெல்லாம் பரு வந்தது. ஐந்தாவது, அந்தப் பழியும் எங்கள் தலையிலேயே விழுந்தது. பிள்ளை பெற்ற வயதில் பரு வந்து, ஊரார் சொன்ன வைத்தியத்தையெல்லாம் கேட்டுத் தொலைத்த சகோதரிகளே, உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆளுக்கொரு காரணம்

என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவள் மயிலாத்தாள். முப்பது வயது, இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. அவள் தாடையிலும் கழுத்திலும் கொத்துக் கொத்தாகப் பரு. உடம்புச் சூடு என்றார் மேஸ்திரி. கடலைக்காய் தின்கிறாள் என்றாள் ஒருத்தி. யாருக்காகவோ முகத்துக்கு ஸ்னோ பூசுகிறாள் என்றது கம்பெனிக்கு எதிரே இருந்த டீக்கடை.

நான் மட்டும் யோக்கியமா? ரத்தம் கெட்டால் பரு வரும் என்று ஏதோ பிரசுரத்தில் படித்துவிட்டு, வேப்பங்கொழுந்து தின்னச் சொன்னேன். பத்து நாள் தின்றுவிட்டு வந்து சொன்னாள்: “ஏனுங்க்கா, வாய்தான் கசக்குது, மூஞ்சி அப்படியேதான் இருக்குது.”

வாசிக்காத பெயர்

காலையில் கேட்டில் நின்று மேஸ்திரி பெயர் வாசிப்பார். வாசித்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. ஒரு திங்கட்கிழமை மயிலாத்தாள் பெயரை விட்டுவிட்டார். ஒட்டுவாரொட்டியாம், வெள்ளைப் பனியனில் சீழ் படுமாம். அவள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் உலை இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் சிரித்துக்கொண்டே சொன்னார்: “மூஞ்சி நல்லானதும் வா கண்ணு, பனியன் எங்கீம் ஓடிப்போகாது.”

பிட்டர் கை

அன்று மத்தியானம், மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் ஆறுமுகம் ஒரு மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கையை வேஸ்ட் துணியில் துடைத்தார். துடைத்த துணியை அதே கூடையில் திரும்பப் போட்டார். அதிலிருந்துதான் நான் வேர்வை துடைக்க எடுக்கப் போனேன். மோந்து பார்த்தேன், எண்ணெய் வாடை. இத்தனை காலம் அதைத்தான் முகத்தில் தேய்த்திருக்கிறோம்!

அவர் முன்னங்கையைப் பார்த்தேன். மயிலாத்தாள் தாடையில் இருந்த அதே பரு, முழங்கை வரைக்கும். “உங்களை யாராவது கேட்டில் நிறுத்தினாங்களாண்ணா?” என்று கேட்டேன். அவர் கையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “எனக்கு வந்தா மெஷின் எண்ணெய்ங்கறாங்க, உங்களுக்கு வந்தா ஒடம்புச் சூடுங்கறாங்க.”

டாக்டரம்மா

மறுநாள் லீவு போட்டுவிட்டு மயிலாத்தாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கூடையிலிருந்த அந்த எண்ணெய்த் துணியையும் கையோடு எடுத்துப் போனேன். டாக்டரம்மா பருவையும் பார்த்தார், துணியையும் பார்த்தார். இந்த எண்ணெய் மயிர்க்காலை அடைக்கும், வேர்வையும் அழுத்தித் தேய்ப்பதும் அதை இன்னும் கிளப்பும், சில பெண்களுக்கு மாதவிலக்குச் சமயத்தில் கூடும், எதுவானாலும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்றார். அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது சொன்னார்: “மருந்து நான் தர்றேன், கூடையை நீங்கதான் மாத்தணும்.”

கேட்டில்

மூன்றாம் நாள் காலை மேஸ்திரி என் பெயரை வாசித்தார். முந்தின ராத்திரியே எல்லோரும் பேசி வைத்தபடி நான் அசையவில்லை. அடுத்த பெயருக்கும் ஆள் அசையவில்லை. கைமடிக்காரிகள் அத்தனை பேரும் மயிலாத்தாளோடு வெளியிலேயே நின்றோம். டீக்கடை கூட்டம் கிளாஸோடு வந்து வேடிக்கை பார்த்தது. முதலாளி வந்தார். டாக்டரம்மா எழுதியதை உரக்கப் படித்தேன். தொட்டியைத் திறக்கிறேன், துடைக்கத் தனித் துணி தருகிறேன், உள்ளே வாருங்கள் என்றார் முதலாளி. முதலில் அவள் பெயரை வாசிக்கட்டும் என்றோம்.

மேஸ்திரி நோட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு முணுமுணுத்தார். “காதுல உழுகலீங்க!” என்று கத்தினோம். அவர் நிமிர்ந்து உரக்க வாசித்தார். பருவுக்குச் சோப்பும் தண்ணீரும் களிம்பும் போதுமாயிருந்தது, ஆனால் அது வந்தவளின் மானத்துக்கு ஒரு தெருவே சாட்சியாக நின்று கேட்க வேண்டியிருந்தது: “கைமடி, மயிலாத்தாள்!”