சேப்டி வால்வில் தொங்கிய மணி

வீரபாண்டி ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டு எழுதுகிறேன். பாய்லர், இன்ஜின் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றுதான். நான் படித்தது நாலாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. வேலைக்குச் சேர்ந்தது

தேனியில் பருத்தி அரைக்கும் பேக்டரியில் பாய்லருக்கு நெருப்புப் போடும் பயர்மேனாகச் சேர்ந்தபோது எனக்கு இரண்டு பிள்ளைகள். மதுரையிலிருந்து போடிக்குச் சின்ன ரயில் ஓடத் தொடங்கியிருந்த சமயம். அதுவரை பெண்கள் வீட்டில் கையால் கொட்டை பிரித்தார்கள். ஒரு வண்டிப் பருத்திக்கு நாள்கணக்கில் ஆகும். எங்கள் ஸ்டீம் இன்ஜின் பெல்ட்டில் ஓடிய மெஷின்கள் பொழுது சாய்வதற்குள் அதை முடித்துவிடும். கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் வந்த வண்டிகள் ரோட்டோரம் வரிசையாக நிற்கும். பஞ்சுப் பொதி ரயிலேறி மதுரைக்குப் போகும். அங்கிருந்து எங்களுக்கு நிலக்கரி வரும். இனி நம் பக்கம் தழைத்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம்.

இன்ஜின் டிரைவர் உத்தமபாளையம் காதர் ராவுத்தர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். முதல் நாளே மூன்றைக் காட்டினார்: கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம், ஆவியின் அழுத்தம் காட்டும் கேஜில் முள், பாய்லர் தலையில் சேப்டி வால்வு.

வால்வுக்கு நீளமாக ஓர் இரும்புக் கம்பி. அதன் நுனியில் ஓர் எடைக் குண்டு தொங்கும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஆவி அந்தக் கம்பியைத் தூக்கிக்கொண்டு உஸ்ஸென்று வெளியேறும். மதியச் சாப்பாட்டுக்கு இன்ஜினை நிறுத்தும்போது தினமும் அந்தச் சத்தம் வரும். மெஷினில் பருத்தி போடும் பெண்கள் அதை யானைப் பெருமூச்சு என்பார்கள்.

"இதுக்குக் கண்ணு கெடையாது மாப்ளே. நாமதான் அதுக்குக் கண்ணு" என்றார் மாமா.

2. பெருமூச்சு வராத மதியம்

மறு வருஷம் பருவம் தொடங்கும் அன்று பாய்லருக்குப் பூசை. என் மூத்தவளுக்கு அம்மை இறங்கியதற்காக ஆத்தாளுக்கு நேர்ந்து வாங்கிய வெண்கல மணி என் வீட்டில் இருந்தது. நல்ல கனம். கோயிலில் கட்டுமுன் ஒரு நாள் பாய்லரில் தொங்கட்டும் என்று ஆசைப்பட்டேன். வால்வுக் கம்பியின் நுனி மணி கட்டவே செய்தாற்போல இருந்தது. குண்டுக்குப் பக்கத்தில் கட்டினேன். முதலாளி ஏணியில் ஏறி மணியை ஆட்டிக் கும்பிட்டார். இன்ஜின் ஓடிய அதிர்வில் அது தானாகக் கிணுகிணுத்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

மதியம் இன்ஜின் நின்றது. மாமா தொழுகைக்குக் கை கால் கழுவத் தொட்டிக்குப் போனார். நான் கேஜைப் பார்க்க வேண்டிய நேரம். வால்வுதான் சத்தம் கொடுக்குமே என்று தூக்குச்சட்டியைத் திறந்துவிட்டேன்.

பருத்தி போடும் பேச்சியம்மா வாசலில் நின்று கேட்டாள்: "ஏண்ணே, இன்னைக்கு ஒங்க ஆனை பெருமூச்சு விடலையே? பூசைச் சோறு தின்ன மயக்கமா?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. வால்வு அசையவில்லை. மணியின் கனம் கம்பியை அமுக்கிக்கொண்டிருந்தது.

"மாமா!" என்று கத்திவிட்டு ஏணியில் கால் வைத்தேன்.

ஈரக் கையோடு வந்த மாமா என் இடுப்பைப் பிடித்து இழுத்தார். "அங்கன போகாத! இப்ப மணியக் கழட்டுனா பட்டுனு தொறக்கும், வெந்துருவ. நெருப்ப வெளிய இழு! பேச்சி, எல்லாரையும் ரோட்டுக்கு ஓட்டு!"

நான் தணலை வாரி வாரி இழுத்தேன். மாமா ஆவி செலவாகட்டும் என்று ஸ்டீமைத் திறந்து, பெல்ட் மாட்டாத இன்ஜினைச் சும்மா ஓடவிட்டார். மகமாயி, மகமாயி என்று என் வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் அவரும் அல்லாவை அழைத்துக்கொண்டிருந்தார். முள் மெதுவாக இறங்கி, கோட்டுக்குக் கீழே வந்தது. பிறகுதான் மாமாவே ஏறி, மணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

3. விசாரணை

"ஏலே, எவன்லே அதக் கட்டுனது?" முதலாளி பாய்ந்து வந்தார்.

"நாந்தான் முதலாளி."

"நாளையிலருந்து இங்கன வராத!"

பருவம் முழுக்க என் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த வேலையால்தான்.

மாமா முன்னால் வந்தார். "கட்டுனது அவன். காலையில பாத்துட்டு வாயத் தொறக்காம இருந்தது நானு. அனுப்புறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்புங்க."

நான் அவர் பக்கம் திரும்பினேன். "பாத்தீகளா? ஏன் மாமா சொல்லல?"

"ஒங்க ஆத்தா மணி. நான் வந்து கழட்டுன்னா ஒம் மனசு நோகும்ல? இத்தன நாள் மாமன் மாப்ளேன்னு இருந்துட்டு."

"மொத மொத அத ஆட்டிக் கும்புட்டதே முதலாளிதானே!" என்றது வாசலிலிருந்து பேச்சியம்மா குரல். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "போயி நெருப்பப் போடுங்கலே. வண்டி நிக்கிது" என்றார்.

4. மணி இருந்த இடம்

மணியைப் பாய்லர் ரூம் வாசலில் கட்டினோம். கண்ணில் தப்பு பட்டால் டிரைவரோ கூலிக்காரப் பெண்ணோ, யாராக இருந்தாலும் அடிக்கலாம், யாரும் கோபப்படக் கூடாது என்று மாமா சட்டம் போட்டார். முதலில் அடித்தது நான்தான். தொழுகைக்குக் கிளம்பிய அவசரத்தில் அவர் தோள் துண்டு ஓடும் பெல்ட்டை உரசப் போனது. மணிச் சத்தம் கேட்டு நின்றார், துண்டை இழுத்துக்கொண்டார்.

"ஒங்க ஆத்தா மொதல்ல என்னையத்தான் கூப்புடுறாக" என்று சிரித்தார்.

அந்தச் சித்திரையில் வீரபாண்டியில் தீச்சட்டி எடுத்தபோது, "ஒனக்கு நேந்த மணி பாய்லர் வாசல்ல கெடக்கு. அங்கனயே கேட்டுக்க தாயி" என்று வேண்டிக்கொண்டேன். நான் வேலையை விட்ட நாள்வரை எங்கள் பாய்லரால் ஒருவர் மேலும் ஒரு கொப்புளம் எழவில்லை.

தம்பிமார்களே, சாமி கும்பிட்டுவிட்டு கேஜைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர் தப்புச் செய்தால், மனசு நோகுமே என்று பார்க்காமல் அப்போதே சொல்லிவிடுங்கள். நொந்த மனசைச் சாயங்காலம் ஒரு காபி வாங்கிக் கொடுத்துத் தேற்றிக்கொள்ளலாம்.